உழைப்பு வேறு, பயிற்சி வேறு: திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடத்தில் மூட்டுவலியும் இயன்முறை மருத்துவமும்

ஆய்வுச் சுருக்கம்

திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடத்தின் ஆலைகளில் நின்றும் குனிந்தும் ஒரே அசைவை மீண்டும் மீண்டும் செய்தும் பணியாற்றுவோருக்கு மூட்டுவலியும் மூட்டிறுக்கமும் ஏற்படும் விதத்தையும், அவற்றைத் தணிப்பதில் இயன்முறை மருத்துவம் ஆற்றும் பங்கையும் இக்கட்டுரை விளக்குகிறது. நாள் முழுவதும் உடலை வருத்தி உழைப்பவருக்குத் தனியாகப் பயிற்சி எதற்கு என்னும் வினாவை மையமாகக் கொண்டு, உழைப்பின் அசைவும் சிகிச்சையின் அசைவும் தம்முள் வேறுபடும் இடங்கள் சுட்டப்படுகின்றன. பயிற்சியின் பயன் அதன் அளவைச் சார்ந்தது. அந்த அளவு தொழிலாளரைச் சென்றடைவது பணிநேரத்திற்குள் அதற்கு இடம் கிடைப்பதைச் சார்ந்தது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: மூட்டுவலி, மூட்டிறுக்கம், இயன்முறை மருத்துவம், திருப்பெரும்புதூர், ஒரகடம், தொழிலாளர் உடல்நலம், பணியிடப் பயிற்சி.

முன்னுரை

இராமானுசர் பிறந்த ஊராக அறியப்பட்ட திருப்பெரும்புதூர், கடந்த முப்பது ஆண்டுகளில் இந்தியாவின் முதன்மையான உற்பத்தி மையங்களுள் ஒன்றாக மாறியுள்ளது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. 2006 முதல் 2014 வரை நோக்கியாவின் கைப்பேசி ஆலை இங்கு இயங்கியது. ஒரகடத்தில் ரெனால்ட் – நிசான் ஆலை 2010இலும், டெய்ம்லர் சரக்குந்து ஆலை 2012இலும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013இலும் செயற்படத் தொடங்கின. சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் எனத் தொழிற்பேட்டைகள் விரிந்து, உதிரிப்பாகங்கள், மின்னணுப் பொருள்கள், கண்ணாடி, டயர் எனப் பல்வகை ஆலைகள் அமைந்துள்ளன.

இவ்வளர்ச்சியை ஏற்றுமதி, முதலீடு, வேலைவாய்ப்பு ஆகியவற்றின் கணக்கில் ஆராயும் கட்டுரைகள் பல உள்ளன. இதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1998இல் இருபது வயதில் பொருத்துப் பிரிவில் பணிக்குச் சேர்ந்த ஒருவர் இன்று ஐம்பதை நெருங்குகிறார். மூட்டுத் தேய்மானம் பரவலாகத் தலைகாட்டும் வயது அது. மறுபுறம், மின்னணு ஆலைகளில் பணிபுரியும் இளம்பெண்கள் கழுத்து, தோள், மணிக்கட்டு ஆகியவற்றின் வலியை இருபதுகளிலேயே எதிர்கொள்ளும் நிலையில் உள்ளனர். இவ்விரு தலைமுறையினருக்கும் வலிமாத்திரைக்கும் விடுப்புக்கும் அப்பால் கிடைக்கக்கூடிய மருத்துவம் எது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

வலியைக் குறிக்கும் சொற்கள்

தமிழில் வலியைக் குறிக்க வழங்கும் சொற்கள் ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. கடுப்பு என்பது பெரும்பாலும் ஓய்வின்றி உழைத்த தசையின் சோர்வைக் குறிக்கிறது. குடைச்சல் என்பது ஆழத்தில், எலும்புக்குள் துளைப்பது போன்ற வலி. பிடிப்பு என்பது தசை திடீரென இறுகிக்கொள்ளுதல். இறுக்கம் என்பது மூட்டு தன் முழு வீச்சுக்கு நகர மறுத்தல். மதமதப்பும் மரத்துப்போதலும் நரம்பு அழுத்தப்படுவதன் அறிகுறிகள். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றும் இரவில் மரத்துப்போய் உறக்கம் கலைகிறது என்று ஒரு பெண் தொழிலாளி கூறினால், விரல் மூட்டைவிட மணிக்கட்டில் நடு நரம்பு நெருக்கப்படுவதையே மருத்துவர் முதலில் ஐயுற வேண்டும். தொழிலாளர் சொல்லும் சொல்லை வலி என்ற ஒரே சொல்லாக்கிப் பதிவுசெய்யும்போது நோயறிதலுக்கு உதவும் குறிப்பு அழிந்துவிடுகிறது.

மற்றொரு சொல்லும் இங்குக் கருதத்தக்கது. மூட்டு நோய்களைப் பிரித்தறிய மருத்துவ நூல்கள் காலை இறுக்கம் என்னும் அளவுகோலைப் பயன்படுத்துகின்றன. இறுக்கம் அரைமணி நேரத்திற்குள் தளர்ந்தால் தேய்மானமாக இருக்கலாம். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நீடித்து மூட்டுகள் வீங்கியும் இருந்தால் முடக்குவாதம் போன்ற அழற்சி நோயை ஐயுற வேண்டும். ஆனால் சுழற்சிமுறையில் பணியாற்றும் தொழிலாளி இரவுப்பணி முடித்துக் காலையில் உறங்கி மாலையில் எழுகிறார். அவரிடம் காலையில் இறுக்கம் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பதே விடையாக வரக்கூடும். உறங்கி எழுந்ததும் இறுக்கம் இருக்கிறதா, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்பதே இவ்வழித்தடத்திற்குப் பொருந்தும் வினா. அழற்சி நோய்க்கு மருந்து சிகிச்சை காலந்தாழ்த்தாமல் தேவைப்படும். பயிற்சி மட்டும் போதாது. எனவே இந்த வினாவின் சொல்லமைப்பு ஒரு மூட்டின் எதிர்காலத்தையே தீர்மானிக்கக்கூடும்.

மூட்டின் இயல்பும் உழைப்பின் இயல்பும்

மூட்டில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டின் மீது சுமை ஏறும்போது அதிலிருந்து நீர் பிழியப்படுகிறது. சுமை இறங்கும்போது மூட்டுநீர் ஊட்டப்பொருள்களுடன் மீண்டும் உட்புகுகிறது. நீரில் நனைத்த பஞ்சை அழுத்துவதும் விடுவதும் போன்றது இச்செயல். ஆகவே மூட்டுக்கு வேண்டியது சுமையும் சுமைநீக்கமும் மாறிமாறி வருதல். சுமையே இல்லாத ஓய்வும் அதற்குத் தீங்கு. இடைவிடாத சுமையும் தீங்கு. அசையாதிருக்கும் மூட்டில் அதனைச் சூழ்ந்த உறை சுருங்கித் தடிக்கிறது. அதனால் வலிக்குப் பயந்து அசைவைத் தவிர்ப்பவருக்கு இறுக்கமும், இறுக்கத்தால் மேலும் வலியும் வளர்கின்றன.

இங்குத்தான் மைய வினா எழுகிறது: எட்டு மணி நேரம் கையும் காலும் ஓயாமல் உழைப்பவரின் மூட்டு ஏன் இறுக வேண்டும்? பொருத்துப் பிரிவின் அசைவுகளை உற்றுநோக்கினால் விடை புலப்படும். வண்டியின் அடிப்பகுதியில் திருகாணி முடுக்குபவரின் கைகள் தலைக்கு மேல் உயர்ந்தபடியே நிற்கின்றன. தோளின் தசைகள் சுருங்கிய நிலையிலேயே இருப்பதால் அவற்றுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைகிறது. கைப்பேசியின் நுண்ணிய பாகங்களைப் பொருத்துபவரின் விரல்கள் விரைந்து இயங்கினாலும் கழுத்து குனிந்த நிலையில் உறைந்திருக்கிறது. கற்காரைத் தரையில் நிற்பவரின் முழங்கால் முழுதாக மடங்குவதே இல்லை. நடப்பதற்கு முழங்கால் ஏறத்தாழ 60 முதல் 70 பாகை மடங்கினால் போதும். மாடிப்படி ஏற 90 பாகை அளவு வேண்டும். முழுதாகக் குந்தி அமர 130 பாகைக்கு மேல் வேண்டும். நின்றபடியே கழியும் பணிநாளில் இவ்வீச்சின் பெரும்பகுதி பயன்படாமலே போகிறது. பயன்படாத வீச்சு காலப்போக்கில் இழக்கப்படுகிறது.

உழைப்பின் அசைவு பொருளுக்காக அமைக்கப்பட்டது. அதன் வேகத்தை இயந்திரம் தீர்மானிக்கிறது. அதன் எண்ணிக்கையை உற்பத்தி இலக்கு தீர்மானிக்கிறது. சிகிச்சையின் அசைவு மூட்டுக்காக அமைக்கப்படுகிறது. அதில் முழு வீச்சு உண்டு, படிப்படியாக ஏறும் சுமை உண்டு, மீள்வதற்கான இடைவெளி உண்டு. கடும் உடலுழைப்பு, ஓய்வுநேர உடற்பயிற்சி தரும் உடல்நலப் பயன்களைத் தருவதில்லை என்னும் முரணை டென்மார்க்கின் பணிநல ஆய்வாளர்கள் விரிவாக விவாதித்துள்ளனர். வேலை செய்வதே உடற்பயிற்சிதானே என்னும் பரவலான கூற்று ஏற்கத்தக்கதன்று என்பதற்கு இவ்வேறுபாடே காரணம்.

இயன்முறை மருத்துவத்தின் படிநிலைகள்

இயன்முறை மருத்துவரின் முதற்பணி அளத்தல். கோணமானியால் மூட்டின் வீச்சையும், எதிர்ப்புக் கொடுத்துத் தசையின் வலுவையும், நாற்காலியிலிருந்து கைதாங்கலின்றி 30 நொடிகளில் எத்தனை முறை எழ முடிகிறது என்பதைக் கொண்டு செயல்திறனையும் அவர் குறித்துக்கொள்கிறார். காய்ச்சலுடன் சூடேறி வீங்கிய மூட்டு, காரணமற்ற எடையிழப்பு, அடிபட்டபின் கால் ஊன்ற முடியாமை, சிறுநீர் – மலக் கட்டுப்பாடு இழத்தல் ஆகியவை இருப்பின் பயிற்சியைத் தொடங்காமல் உடனே மருத்துவரிடம் அனுப்புவது அவர் கடமை.

இரண்டாம் படி வலியைத் தற்காலிகமாகத் தணித்தல். வெந்நீர் ஒற்றடமும் மெழுகு ஒற்றடமும் 15 முதல் 20 நிமிடங்கள் கொடுக்கப்படும்போது தசை தளர்கிறது, பயிற்சி எளிதாகிறது. அவற்றின் பயன் அவ்வளவே. மீயொலி, மின்தூண்டல், குறுஅலை வெப்பம் ஆகிய கருவிச் சிகிச்சைகளையே இயன்முறை மருத்துவம் என்று நோயாளிகள் பலர் கருதுகின்றனர். பிரிட்டனின் தேசிய உடல்நல – பராமரிப்புச் சிறப்புக் கழகம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூட்டுத் தேய்மானத்திற்கு இக்கருவிச் சிகிச்சைகளை வழங்க வேண்டாம் என்றும், பயிற்சியை அனைவருக்கும் அடிப்படைச் சிகிச்சையாக வழங்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஒருநாள் ஊதியத்தை இழந்து மருத்துவமனைக்கு வரும் தொழிலாளி பத்து நிமிடக் கருவிச் சிகிச்சையுடன் திரும்புவாராயின், அவர் பெற்றுச் சென்றது சிகிச்சையின் முன்னுரை மட்டுமே.

மூன்றாம் படியே சிகிச்சையின் உடல். முழங்காலுக்குத் தொடையின் முன்தசையை வலுப்படுத்தல் முதன்மையானது: நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து மெல்ல அமர்தல், படியில் ஏறி இறங்குதல், பின்னர் எதிர்ப்புப் பட்டையுடன் காலை நீட்டுதல் எனச் சுமை கூடுகிறது. தோள் இறுக்கத்திற்கு, முன்னோக்கிச் சாய்ந்து கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு ஊசலாட்டும் பயிற்சியில் தொடங்கி, விரல்களால் சுவரில் மேலேறும் பயிற்சி, கோலால் கையை உயர்த்தும் பயிற்சி என முன்னேறுகிறது. நீரிழிவு உள்ளோருக்குத் தோள் இறுக்கம் கூடுதலாக வருவதால் இரத்தச் சர்க்கரையையும் உடன் கவனிக்க வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீதான சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்பதும் நோயாளிக்கு விளக்கப்பட வேண்டும்.

பயிற்சியின்போது வலித்தால் என்ன செய்வது என்பது நோயாளிகளின் முதல் அச்சம். பத்துக்கு ஐந்து என்னும் அளவைத் தாண்டாத வலி, பயிற்சிக்குப் பின் 24 மணி நேரத்திற்குள் பழைய நிலைக்குத் திரும்புமாயின் ஏற்கத்தக்கது. அதற்கு மேல் நீடித்தால் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. அளவைக் குறைக்க வேண்டும். டென்மார்க்கில் 2013இல் தொடங்கிப் பின்னர்ப் பல நாடுகளில் பரவிய மூட்டுத் தேய்மானப் பயிற்சித் திட்டம், இரண்டு விளக்க அமர்வுகளையும் ஆறு வாரங்களில் பன்னிரண்டு பயிற்சி அமர்வுகளையும் கொண்டது. பயிற்சியால் கிடைக்கும் வலிக்குறைவு சராசரியாக மிதமானதே. பயிற்சி நின்றால் அதுவும் மெல்லத் தேய்கிறது. எனினும் நெடுங்காலம் வலிமாத்திரை உட்கொள்வதால் இரைப்பைப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் நேரக்கூடும் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் பயிற்சியின் இடம் தெளிவாகும்.

செங்கல்பட்டு – வேலூர் முன்னோடி

இம்மருத்துவத்தின் தமிழக வரலாறு இவ்வழித்தடத்திற்கு அந்நியமானதன்று. திருப்பெரும்புதூர் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் செங்கல்பட்டில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்கு 1947இல் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் சென்றார். மடங்கி முடங்கிய கைகளிலும் சில தசைகள் வலுவுடன் இருப்பதை அங்குக் கண்டார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வலுவான தசையின் நாணை வலுவிழந்த விரலுக்கு மாற்றிப் பொருத்தும் அறுவையை அவர் தொடங்கியபோது, இயன்முறை மருத்துவர் ரூத் தாமஸ் உடன் பணியாற்றினார். இறுகிய விரல்களை அறுவைக்கு முன்பே நெகிழ்த்தவும், இடம்மாறிய தசைக்குப் புதிய வேலையைப் பழக்கவும் வாரக்கணக்கான பயிற்சி தேவைப்பட்டது. அறுவையளவு பயிற்சியும் கையை மீட்டது.

சீரமைந்த கைகளுடன் தச்சுவேலைக்குச் சென்றோருக்குப் புதிய புண்கள் ஏற்பட்டபோது, உணர்விழந்த கை தன்னையறியாமல் கருவியை அழுத்திப் பிடிப்பதே காரணம் என்பது கண்டறியப்பட்டுக் கருவிகளின் பிடிகள் மாற்றியமைக்கப்பட்டன. நோய் வேறாயினும் இதிலிருந்து பெறப்படும் பாடம் ஒரகடத்திற்கும் பொருந்தும். மூட்டைச் சீராக்கி, அதனைக் கெடுத்த அதே கருவிக்கும் அதே நிலைக்கும் திருப்பி அனுப்புவது முற்றுப்பெறாத சிகிச்சை. பணிமேடையின் உயரம், கருவியின் எடை, பொருள் எட்டும் தொலைவு, பணியிடச் சுழற்சி ஆகியவையும் மருந்துச்சீட்டின் பகுதிகளே.

சட்டமும் திட்டங்களும்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்று பணியாற்ற வேண்டிய தொழிலாளர் அனைவருக்கும், பணியினிடையே கிடைக்கும் ஓய்வு வாய்ப்புகளைப் பயன்படுத்திக்கொள்ள ஏதுவாக, அமர்வதற்கான ஏற்பாடு செய்யப்பட வேண்டும் என்று கூறியது. தமிழ்நாட்டில் கடை ஊழியருக்கு அமரும் உரிமை 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே கிடைத்தபோது அது பெரிதும் பேசப்பட்டது. ஆலைத் தொழிலாளருக்கு அது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. ஆயினும் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும் இடத்தில் ஓய்வு வாய்ப்பு எப்போது நேரும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில்வழி நோய்களைப் பட்டியலிட்டது. ஈய நஞ்சு, சிலிக்கா நுரையீரல் நோய், இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு ஆகியவை அதில் உண்டு. மூட்டு, தசைநாண் நோய்களுக்கு இடமில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய பட்டியலோ எலும்பு – தசை மண்டல நோய்களைத் தனித் தலைப்பில் சேர்த்துள்ளது. அறிவிக்க வேண்டியதல்லாத நோய் எண்ணப்படுவதில்லை. எண்ணப்படாத நோய்க்குத் திட்டம் வகுக்கப்படுவதில்லை.

மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாத தொழிலாளர் ஊழியர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தின்கீழ் வருகின்றனர். தகுதி பெற்றோருக்கு நோய்க்கால விடுப்பில் ஊதியத்தின் 70 விழுக்காடு ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கும. வாரம் இருமுறை ஆறு வாரம் மருத்துவமனைக்கு வர வேண்டும் என்னும் சிகிச்சை, நிரந்தரத் தொழிலாளருக்கே கடினம். ஒப்பந்தத் தொழிலாளருக்கு வேலையையே இழக்கும் அச்சத்தைத் தருவது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இயன்முறை மருத்துவரை வீட்டு வாயிலுக்கே அனுப்புகிறது. முதியோருக்கும் படுக்கையில் உள்ளோருக்கும் இது பெரும் உதவி. ஆனால் பகலில் அவர் வரும் நேரத்தில் ஆலைத் தொழிலாளி பணியிலோ, இரவுப்பணிக்குப் பிந்திய உறக்கத்திலோ இருப்பார்.

பணிநேரத்திற்குள் பயிற்சி

பயிற்சி எங்கே, எவர் நேரத்தில் நடைபெறுகிறது என்பது பயனை மாற்றுமா என்பதை டென்மார்க்கில் நிகழ்ந்த ஓர் ஆய்வு சோதித்தது. 2015இல் வெளியான அவ்வாய்வில், மூன்று மருத்துவமனைகளின் பெண் பணியாளர் 200 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் பணிநேரத்திற்குள் பணியிடத்திலும், மறுபிரிவினர் தம் சொந்த நேரத்தில் வீட்டிலும், வாரம் ஐந்துமுறை பத்துப்பத்து நிமிடம், பத்து வாரங்கள் பயிற்சி செய்ய வேண்டும். பணியிடப் பிரிவினருக்கே வலி கூடுதலாகக் குறைந்தது; தசைவலு கூடியது; வலிமாத்திரைப் பயன்பாடும் குறைந்தது.

வாரம் 50 நிமிடம் என்பது 48 மணி நேரப் பணிவாரத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கினும் குறைவு. பேருந்துப் பயணம், சுழற்சிப்பணி, வீட்டுவேலை ஆகியவற்றுக்குப் பின் எஞ்சும் நேரத்தில் பயிற்சி செய்யுமாறு அறிவுறுத்துவது எளிது, செய்வது அரிது. பணி தொடங்குமுன் அனைவரும் கூடிக் கைகால்களை அசைக்கும் வழக்கம், 1928இல் ஜப்பானில் வானொலி வழியே பரவத் தொடங்கிய கூட்டுப் பயிற்சியைப் போன்றது. அது உடலை வெதுவெதுப்பாக்கும். வலுவிழந்த தசையை வலுப்படுத்த அது போதாது. தலைக்கு மேல் கையுயர்த்திப் பணியாற்றுபவருக்குத் தோளும், நின்று பணியாற்றுபவருக்குத் தொடையும், நுண்பாகம் பொருத்துபவருக்குக் கழுத்தும் முன்கையும் எனப் பிரிவுக்கேற்ற பயிற்சியை இயன்முறை மருத்துவர் வகுத்து, மாதந்தோறும் சுமையை மாற்றித் தர வேண்டும். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர் 18,720 பேர் தங்கும் வகையில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட குடியிருப்பு போன்ற இடங்களில் பயிற்சிக்கூடம் அமைவதும் பயன் தரும். ஆயினும் அது பணிநேரப் பயிற்சிக்குத் துணையாகலாமேயன்றி மாற்றாகாது.

முடிவுரை

மூட்டுவலிக்கும் இறுக்கத்திற்கும் இயன்முறை மருத்துவம் தரும் மருந்து அளவறிந்த அசைவு. உழைப்பு அந்த அளவை அறியாது. கருவிச் சிகிச்சை அந்த அசைவைத் தராது. நோயாளியின் சொல்லைக் கூர்ந்து கேட்டல், மூட்டை அளத்தல், பயிற்சியைப் படிப்படியாக ஏற்றல், பணியிடத்தைத் திருத்தல் ஆகிய நான்கும் இணையும்போதே சிகிச்சை நிறைவுறுகிறது. இவற்றுள் முதல் மூன்றும் மருத்துவரின் கையில் உள்ளன. நான்காவதும், பயிற்சிக்கான பத்து நிமிடமும் ஆலை நிருவாகத்தின் கையிலும் சட்டத்தின் கையிலும் உள்ளன. பணிப்பிரிவுவாரியாகவும் வயதுவாரியாகவும் மூட்டுநோய்களைக் கணக்கிடும் கள ஆய்வுகள் இவ்வழித்தடத்தில் மேற்கொள்ளப்படுமாயின், நோய்ப்பட்டியலைத் திருத்துவதற்கான சான்றுகள் கிடைக்கும். வழித்தடத்தின் முதல் தலைமுறைத் தொழிலாளர் ஓய்வுபெறும் வயதை அடைவதற்கு இன்னும் பத்தாண்டுகளே உள்ளன என்பதால் அவ்வாய்வுகள் விரைந்து தொடங்கப்பட வேண்டியவை.